டிசிசி ரயிலுக்குக் கையடக்கக் கட்டுப்படுத்தி: குமிழ் ஒன்று சொல்ல, இஞ்சின் வேறொன்று செய்கிறது

தக்கலை_வாத்தியார் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பணி ஓய்வுக்குப் பின் மாடி அறையில் ரப்பர் மரப் பலகைகளைச் சேர்த்து 8 அடிக்கு 4 அடியில் ஒரு மேசை அடித்து, அதன்மேல் எச்ஓ என்னும் சிறு அளவில் மாதிரி ரயிலுக்கு ஒரு நீள்வட்டப் பாதையும் இரண்டு பக்கவழிகளும் போட்டிருக்கிறேன். இரணியல் நிலையத்தின் சாயலில் ஒரு நடைமேடை மட்டும் எழுந்திருக்கிறது. குன்றும் குளமும் இன்னும் என் பேரனின் வரைபடத்தாளில்தான் உள்ளன.

ஓட்டுவது டிசிசி முறையில்: தண்டவாளத்தின் வழியே ஒவ்வொரு இஞ்சினுக்கும் அதன் முகவரி எண்ணோடு தனிக் கட்டளை போகும், இஞ்சினுக்குள் இருக்கும் டீகோடர் அதைப் படித்து மோட்டாரை ஓட்டும். அந்தக் கட்டளைகளை அனுப்பும் கமாண்ட் ஸ்டேஷனாக ஆர்டுயினோ மெகா பலகையும், அதன்மேல் மோட்டார் ஷீல்டும், டிசிசி-இஎக்ஸ் மென்பொருளும் வைத்திருக்கிறேன். தண்டவாளத்துக்கு 15 வோல்ட் அடாப்டர் தனியாக உண்டு. அந்த 15 வோல்ட் ஆர்டுயினோவுக்குள் ஏறிவிடாதபடி ஷீல்டின் அடியிலுள்ள இணைப்புக் கோட்டை முதலிலேயே அறுத்துவிட்டேன். இஎஸ்பி8266 சேர்த்து வைஃபையும் கொடுத்தாயிற்று. கைப்பேசியில் 'எஞ்சின் டிரைவர்' செயலியைக் கொண்டு ஓட்டினால் எந்தக் குறையும் இல்லை. ஆனால் திரையைப் பார்த்தால் ரயிலைப் பார்க்க முடிவதில்லை, ரயிலைப் பார்த்தால் விரல் திரையில் எங்கே இருக்கிறது என்று தெரிவதில்லை. ஒன்பது வயதுப் பேரனின் கையில் கைப்பேசியைக் கொடுத்தால் ஐந்தாவது நிமிடத்தில் அவன் ரயிலை விட்டுவிட்டு வேறு விளையாட்டுக்குப் போய்விடுகிறான் என்பது இன்னொரு துயரம்.

ஆகவே ஒரு பிளாஸ்டிக் சோப்பு டப்பாவுக்குள் வைஃபை உள்ள இஎஸ்பி32 பலகை, வேகக் குமிழாக 10 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டர், மூன்று பொத்தான்கள், ஒரு சிறு ஓஎல்இடி திரை, ஒரு 18650 லித்தியம் பேட்டரி, அதற்கான டிபி4056 சார்ஜர் பலகை ஆகியவற்றை அடக்கி ஒரு கட்டுப்படுத்தி செய்தேன். முதலில் பொட்டென்ஷியோமீட்டரை 4ஆம் எண் ஊசியில் இணைத்தேன். வைஃபை இணைந்த உடனே அளவீடு செத்துவிட்டது. 34ஆம் ஊசிக்கு மாற்றியதும் அது சரியாயிற்று. மீதமுள்ள குறைகள் இவை.

கணினியின் யுஎஸ்பி கம்பியில் இணைத்திருக்கும்வரை நன்றாக வேலை செய்கிற கருவி, பேட்டரிக்கு மாற்றிய பத்துப் பதினைந்து நிமிடத்தில் திரை அணைந்து தானாக மறுபடி தொடங்குகிறது. அந்த நேரத்தில் ரயில் நிற்பதும் இல்லை. கடைசியாகச் சொன்ன வேகத்திலேயே போய்த் தடுப்புக் கட்டையில் முட்டுகிறது. அடுத்து, 3ஆம் முகவரி இஞ்சினைப் பாதி வேகத்தில் ஓட்டிக்கொண்டிருந்துவிட்டு, பக்கவழியில் நிற்கும் 7ஆம் முகவரி இஞ்சினைத் தேர்ந்தெடுத்தால், அது நின்ற இடத்திலிருந்து எகிறிப் பாய்கிறது. குமிழைத் தொடாமல் விட்டிருந்தாலும் வேக எண் 41, 42, 41, 40 என்று ஆடிக்கொண்டே இருக்கிறது. இவை போதாதென்று, ஓடும் இஞ்சின் சில வேளைகளில் ஒரு விநாடி நின்று, தானாகவே மீண்டும் ஓடுகிறது.

இது செய்து முடிக்கக்கூடிய வேலைதானா, அல்லது என் வயதுக்கு மீறிய ஆசையா? அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மார்த்தாண்டம்_சாலிடர் எழுதியது:

ஐயா, உங்கள் வயதுக்கும் இந்தக் கோளாறுக்கும் தொடர்பில்லை. முதல் குறையை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் என் பழுதுபார்க்கும் மேசைக்கு வாரத்துக்கு ஒருமுறையாவது இதே நோயோடு ஏதாவது ஒரு பலகை வந்துவிடுகிறது.

யுஎஸ்பியில் ஓடுவதும் பேட்டரியில் விழுவதும் ஒரே காரணத்தால்தான். பேட்டரியை நீங்கள் பலகையின் 5 வோல்ட் ஊசியில் கொடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அங்கிருந்து 3.3 வோல்ட்டாகக் குறைத்துத் தருவது பெரும்பாலான பலகைகளில் ஏஎம்எஸ்1117 என்னும் ரெகுலேட்டர். அது தன் வேலையைச் செய்ய, உள்ளே வரும் மின்னழுத்தம் வெளியே போவதைவிட ஏறக்குறைய 1 வோல்ட் கூடுதலாக இருக்க வேண்டும். யுஎஸ்பி 5 வோல்ட் தருவதால் அங்கே சிக்கலில்லை. 18650 பேட்டரியோ முழுமையாக ஏறியிருக்கும்போதே 4.2 வோல்ட்தான், கொஞ்ச நேரத்தில் 3.8, 3.7 என்று இறங்கிவிடும். அப்போது இஎஸ்பி32க்குக் கிடைப்பது 2.7 அல்லது 2.8 வோல்ட். அதற்குத் தேவையான குறைந்தபட்ச அளவு 3 வோல்ட். வைஃபை ஒரு பொட்டலத்தை அனுப்பும் கணத்தில் 200 மில்லி ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அந்த இழுப்பில் மின்னழுத்தம் இன்னும் ஒரு படி சரிந்து, சில்லு தன்னைத்தானே மறுதொடக்கம் செய்துகொள்கிறது. சீரியல் திரையில் 'பிரவுன்அவுட்' என்று ஒரு வரி வந்திருக்கும், பாருங்கள்.

மருந்து எளிது. பேட்டரிக்கும் பலகைக்கும் நடுவே எம்டி3608 போன்ற ஒரு சிறு பூஸ்ட் பலகையை வைத்து 5 வோல்ட்டாக உயர்த்தி, அதை 5 வோல்ட் ஊசியில் கொடுங்கள். ஒரு முக்கியமான எச்சரிக்கை: பூஸ்ட் பலகையிலுள்ள திருகை மல்டிமீட்டர் வைத்து 5 வோல்ட்டுக்குச் சரிசெய்த பிறகே இஎஸ்பி32ஐ இணைக்க வேண்டும். கடையிலிருந்து வரும்போது அது எந்த அளவில் நிற்கும் என்று சொல்ல முடியாது. நான் ஒரு பலகையை அப்படிப் புகைத்திருக்கிறேன். வெளியீட்டில் 470 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் ஒன்றையும் ஊசிக்கு மிக அருகில் பற்றவையுங்கள். டிபி4056 வாங்கும்போது, பேட்டரி அடிமட்டத்துக்கு இறங்கிவிடாமல் காக்கும் கூடுதல் சில்லு உள்ள வகையைக் கேட்டு வாங்குங்கள். சிறுவன் கையில் போகும் லித்தியம் பேட்டரிக்கு அந்தக் காவல் இல்லாமல் இருக்கவே கூடாது.

வடசேரி_பாயின்ட்ஸ்மேன் எழுதியது:

மார்த்தாண்டம் அண்ணாச்சி மின்சாரத்தைப் பார்த்துவிட்டார். நான் மென்பொருள் பக்கம் வருகிறேன்.

உங்கள் கருவி தண்டவாளத்தோடு நேரடியாகப் பேசுவதே இல்லை. டிசிசியில் ஒவ்வொரு பிட்டும் தண்டவாள மின்னழுத்தத்தின் திசைமாற்றமாகப் போகிறது. 'ஒன்று' என்றால் ஒவ்வொரு அரைப்பகுதியும் 58 மைக்ரோவிநாடி, 'பூஜ்யம்' என்றால் 100 மைக்ரோவிநாடியோ அதற்கு மேலோ. அந்த நுணுக்கமான வேலை முழுவதையும் மெகா பலகை செய்கிறது. உங்கள் சோப்பு டப்பா செய்ய வேண்டியது அதனிடம் ஒரு வரி சொல்வது மட்டும்தான்: கோணக் குறிகளுக்குள் சிறிய 'டி' எழுத்து, பிறகு முகவரி, வேகம், திசை. வேகம் 0 என்றால் நிற்க வேண்டும், 1 முதல் 126 வரை ஓட வேண்டும், கழித்தல் 1 என்றால் அவசர நிறுத்தம். அந்த வரியைக் கேட்டதும் மெகா அதை நினைவில் வைத்துக்கொண்டு, நீங்கள் வேறு ஏதாவது சொல்லும்வரை அதே கட்டளையைத் தண்டவாளத்தில் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருக்கும். கருவி செத்த பிறகும் ரயில் ஓடியதற்குக் காரணம் இதுதான்.

இஞ்சின் எகிறுவதற்கு வருவோம். பொட்டென்ஷியோமீட்டருக்கு ஒரே ஒரு நிலைதான் உண்டு, இஞ்சின்களோ இரண்டு. 3ஆம் எண்ணுக்காக நடுவில் நிறுத்திய குமிழ், 7ஆம் எண்ணைத் தேர்ந்தெடுத்த உடனே அதற்கும் பாதி வேகத்தைச் சொல்லிவிடுகிறது. எனவே பொட்டென்ஷியோமீட்டரை எடுத்துவிட்டு, முடிவில்லாமல் சுற்றும் ரோட்டரி என்கோடரைப் போடுங்கள் என்பதே என் ஆலோசனை. என்கோடர் தன் இடத்தைச் சொல்வதில்லை. 'ஒரு படி கூட்டு', 'ஒரு படி குறை' என்று மட்டும் சொல்கிறது. எண்ணை நீங்கள் நினைவகத்தில் வைத்திருக்கிறீர்கள். இஞ்சினை மாற்றும்போது 'டி' எழுத்தையும் முகவரியையும் மட்டும் அனுப்பினால், அந்த இஞ்சினின் தற்போதைய வேகத்தையும் திசையையும் டிசிசி-இஎக்ஸ் பதிலாகத் தரும். எண்ணிக்கையை அங்கிருந்து தொடங்குங்கள். எகிறல் அடியோடு நின்றுவிடும்.

கடைகளில் கிடைக்கும் கேஒய்-040 வகை என்கோடர் ஒரு சுற்றுக்கு 20 முறை சொடுக்கும். 126 படிகளையும் ஒவ்வொன்றாக ஏற வேண்டுமென்றால் ஆறு சுற்றுக்கு மேல் திருப்ப வேண்டும், கை ஓய்ந்துவிடும். ஆகவே மெதுவாகத் திருப்பினால் ஒரு படி, விரைவாகத் திருப்பினால் ஐந்து படி என்று நிரலில் வையுங்கள். ஷண்டிங் செய்யும்போது ஒவ்வொரு படியாக ஏறும் சுகமும் கிடைக்கும். என்கோடரின் தொடுமுனைகள் ஒரு சொடுக்குக்குப் பலமுறை துள்ளும் என்பதால், இரண்டு சைகைக் கம்பிகளிலிருந்தும் தரைக்கு '104' என்று அச்சிட்ட செராமிக் கப்பாசிட்டர் ஒவ்வொன்று போடுங்கள். பலகையின் கூட்டல் ஊசிக்கு 3.3 வோல்ட்தான் கொடுக்க வேண்டும், 5 வோல்ட் அல்ல. 34 முதல் 39 வரையிலான ஊசிகளை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அவற்றுக்கு உள்ளிருந்து மேலிழுக்கும் ரெசிஸ்டர் கிடையாது.

குமிழை அழுத்தினால் வேகம் 0, ஒரு விநாடி அழுத்திப் பிடித்தால் அவசர நிறுத்தம் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டும் ஒன்றல்ல: முன்னதில் டீகோடரின் 4ஆம் சிவி (வேகம் எவ்வளவு மெதுவாகக் குறைய வேண்டும் என்று சொல்லும் அமைப்பு எண்) மதிப்புக்கு ஏற்ப ரயில் தவழ்ந்து நிற்கும், பின்னது சக்கரத்தைப் பிடித்ததுபோல் நிறுத்தும். திசைப் பொத்தான் வேகம் 0ஆக இருக்கும்போது மட்டுமே வேலை செய்யட்டும்.

தடுப்புக் கட்டையில் முட்டுவதைத் தவிர்க்க இன்னொன்றும் செய்யலாம். வைஃபை வழியே ரயில் ஓட்டும் 'வைத்ராட்டில்' நெறிமுறையில் இதயத்துடிப்பு என்று ஒரு வசதி இருக்கிறது. கருவி சில விநாடிக்கு ஒருமுறை 'உயிரோடு இருக்கிறேன்' என்று சொல்லாவிட்டால், கமாண்ட் ஸ்டேஷனே அந்த இஞ்சினை நிறுத்திவிடும். மேலே சொன்ன கோணக்குறிக் கட்டளைகளில் அந்தக் காவல் இல்லை. வைஃபைதான் என்று முடிவு செய்தால் வைத்ராட்டில் பக்கம் போங்கள். அதிலும் இஞ்சினைத் தேர்ந்தெடுத்ததும் அதன் நிலை பதிலாக வந்துவிடும்.

குளச்சல்_உப்புக்காற்று எழுதியது:

சார், நான் விசைப்படகுகளில் மின்வேலை செய்து பிழைக்கிறவன், ரயில் என்பது ஞாயிற்றுக்கிழமைப் பைத்தியம். வடசேரித் தம்பி சொன்னதில் தவறில்லை, ஆனால் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு என்கோடர் வேண்டாம் என்பதே என் கருத்து. பொட்டென்ஷியோமீட்டருக்குத் தொடக்கம் உண்டு, முடிவு உண்டு. இடது கோடிக்குத் திருப்பினால் ரயில் நிற்கும் என்பதைத் திரையைப் பார்க்காமலே கை அறிந்துகொள்ளும். பதற்றத்தில் பிள்ளை குமிழை எந்தப் பக்கம் சுற்றுவான் என்பதை நினைத்துப் பாருங்கள். என்கோடரில் அவன் சுற்றச் சுற்ற ரயில் வேகமெடுத்தாலும் எடுக்கும்.

எகிறலைப் பொட்டென்ஷியோமீட்டரிலும் தடுக்கலாம். இஞ்சினை மாற்றிய பிறகு, குமிழ் அந்த இஞ்சினின் உண்மையான வேகத்தை ஒருமுறை கடக்கும்வரை எதையும் அனுப்பாமல் நிரலைக் காத்திருக்கச் செய்யுங்கள். நின்றுகொண்டிருக்கும் இஞ்சினென்றால் முதலில் குமிழைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தால்தான் அது கைக்கு வரும். நல்ல பழக்கமும் அதுவே.

எண் ஆடுவது அளவீட்டின் சலசலப்பு. இஎஸ்பி32 அந்த ஊசியில் 0 முதல் 4095 வரை படிக்கிறது. அதை 127 நிலைகளாகப் பிரித்தால் ஒரு நிலைக்கு 32 எண்கள்தான் வரும். வைஃபை ஓடும்போது அளவீடு அந்த அளவுக்குத் தானாகவே ஆடும். பதினாறு முறை படித்துச் சராசரி எடுங்கள். அந்தச் சராசரியும் முந்தைய மதிப்பிலிருந்து ஒரு நிலையளவு விலகினால் மட்டும் அனுப்புங்கள். பேரனுக்கு 126 படியும் தேவையில்லை, 28 படி போதும். ஒரு நிலைக்கு 140 எண்ணுக்கு மேல் கிடைக்கும், ஆட்டம் கண்ணில் படாது. இந்தச் சில்லு 0.1 வோல்ட்டுக்குக் கீழே வருவதையெல்லாம் பூஜ்யமாகவே படிக்கும் என்று குறை சொல்வார்கள். நமக்கு அது வசதி, குமிழின் இடது கோடியில் சந்தேகத்துக்கு இடமில்லாத பூஜ்யம் கிடைக்கிறது.

இன்னொன்று: மேசையைச் சுற்றி நடப்பதற்கு ஏன் வைஃபை? நான் ஆர்டுயினோ நானோ ஒன்றை எடுத்து, பழைய லேண்ட்லைன் டெலிபோனின் சுருள் கம்பியால் மெகாவோடு இணைத்திருக்கிறேன். அந்தக் கம்பிக்குள் நான்கு இழைகள்: 5 வோல்ட், தரை, அனுப்பும் இழை, பெறும் இழை. உங்கள் மெகாவின் முதல் கூடுதல் சீரியல் வாயிலை வைஃபை எடுத்துக்கொண்டிருக்கும். மூன்றாவது வாயில், அதாவது 14, 15 ஊசிகள், காலியாக இருக்கும். அனுப்பும் இழை மறுபக்கத்தின் பெறும் ஊசிக்குப் போக வேண்டும் என்பதை மறக்காதீர்கள். டிசிசி-இஎக்ஸின் அமைப்புக் கோப்பில் அந்த வாயிலைக் கட்டளைகளுக்குத் திறந்துவிட்டால் முடிந்தது. பேட்டரியும் இல்லை, சார்ஜரும் இல்லை, பிரவுன்அவுட்டும் இல்லை. இரண்டும் 5 வோல்ட் பலகைகள் என்பதால் மின்னழுத்தத்தைச் சமன்செய்யும் வேலையும் இல்லை. உங்களிடம் உள்ள இஎஸ்பி32ஐ இப்படிக் கம்பியில் இணைக்க நினைத்தால், மெகாவிலிருந்து வரும் 5 வோல்ட் சைகையை இரண்டு ரெசிஸ்டர்களால் 3.3 வோல்ட்டுக்குக் குறைக்க வேண்டும். நேராகக் கொடுத்தால் சில்லு தாங்காது. கம்பி இரண்டு மீட்டருக்கு மேல் நீளமாக வேண்டுமென்றால் இரு முனையிலும், சைகையை நீண்ட கம்பியில் கொண்டுசெல்லும் மேக்ஸ்485 சில்லு போடுங்கள்.

கடைசிக் குறை, ஒரு விநாடி நின்று ஓடுவது. அது கருவியின் குற்றமே அல்ல. மெகாதான் கட்டளையை நினைவில் வைத்திருக்கிறதே! கருவி சொல்லாமல் அது ஒருபோதும் நிறுத்தி மறுபடி ஓட்டாது. இதயத்துடிப்பு தவறி நின்ற ரயிலும் தானாகக் கிளம்பாது. அப்படியானால் டீகோடருக்கு மின்சாரம் விட்டுப்போய்த் திரும்பி வந்திருக்கிறது. எப்போதும் ஒரே இடத்தில் நிற்கிறதா என்று சுண்ணக்கட்டியால் குறித்துப் பாருங்கள். குளச்சலில் என் தண்டவாளத்தை இரண்டு வாரம் துடைக்காமல் விட்டால், வெள்ளைத் துணியில் கறுப்பாகக் கோடு விழுகிறது. தக்கலையில் உப்புக் குறைவுதான், ஆனாலும் மழைக்காலம் இருக்கிறது. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் துணியை நனைத்துத் துடைத்துவிட்டு, பாதை நெடுகிலும் ஒரு ரூபாய் நாணயத்தை இரு தண்டவாளங்களின் மேலும் குறுக்கே வைத்துக்கொண்டே போங்கள். வைத்த இடத்திலெல்லாம் கமாண்ட் ஸ்டேஷன் உடனே மின்சாரத்தை வெட்ட வேண்டும். வெட்டாத இடத்தில் இணைப்புத் தளர்ந்திருக்கிறது. அங்கே அடியிலிருந்து ஒரு கம்பியைக் கூடுதலாகப் பற்றவையுங்கள்.

தக்கலை_வாத்தியார் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. எட்டு நாள் கழித்து எழுதுகிறேன்.

நாணயத்தில் தொடங்கினேன், ஏனென்றால் அதற்குத்தான் செலவில்லை. நடைமேடைக்கு எதிரே உள்ள வளைவில் நாணயத்தை வைத்தும் மின்சாரம் வெட்டுப்படவில்லை. இரண்டு தண்டவாளத் துண்டுகளைச் சேர்க்கும் தகட்டுக்குள், நானே பூசிய பழுப்பு வண்ணம் புகுந்திருந்தது. ஒரு கம்பியைப் பற்றவைத்ததும் ஒரு விநாடி நிற்கும் நோய் போய்விட்டது. நான் கருவியின் நிரலை நான்கு முறை மாற்றி எழுதியது இந்தத் தகட்டுக்காகத்தான் என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

பூஸ்ட் பலகையைச் சேர்த்த பிறகு பேட்டரியில் தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடியது. வாங்கி வந்தபோது அதன் வெளியீடு 11 வோல்ட்டில் நின்றது. மார்த்தாண்டம் நண்பரின் எச்சரிக்கை இல்லாவிட்டால் நானும் புகைத்திருப்பேன்.

என்கோடரா, பொட்டென்ஷியோமீட்டரா என்னும் வழக்கில் இரண்டு பக்கமும் தீர்ப்பளித்துவிட்டேன். சோப்பு டப்பாவுக்கு என்கோடர், வைத்ராட்டில், இதயத்துடிப்பு, அது எனக்கு. பேரனுக்கு நானோவும் பொட்டென்ஷியோமீட்டரும் வைத்து, வீட்டில் கிடந்த பழைய டெலிபோன் கம்பியில் தனியாக ஒன்று செய்து, 28 படியோடு நிறுத்திக்கொண்டேன். நேற்று அவன் குமிழைப் பார்க்காமல், கன்னத்தை மேசை விளிம்பில் வைத்து இஞ்சினின் சக்கரத்தையே பார்த்தபடி நடைமேடையில் நிறுத்தினான். இரண்டு அங்குலம் தாண்டித்தான் நின்றது, ஆனால் நிறுத்தியவன் அவன்.

ஒரு சந்தேகம் மட்டும் மிஞ்சுகிறது. இருவரும் ஒரே இஞ்சினை எடுத்துக்கொண்டால், அவன் வேகத்தைக் குறைத்தது என் திரைக்குத் தெரிவதில்லை. நான் என்கோடரை ஒரு சொடுக்குத் திருப்பினால் பழைய வேகத்துக்கே போய்விடுகிறது.

வடசேரி_பாயின்ட்ஸ்மேன் எழுதியது:

குளச்சல் அண்ணாச்சியின் வாதத்தை ஒப்புக்கொள்கிறேன். பிள்ளைக்குப் பொட்டென்ஷியோமீட்டர்தான் சரி.

உங்கள் சந்தேகத்துக்கு விடை கமாண்ட் ஸ்டேஷனிடமே இருக்கிறது. எந்தக் கருவி வேகத்தை மாற்றினாலும், டிசிசி-இஎக்ஸ் அதை இணைந்திருக்கும் எல்லோருக்கும் அறிவிக்கும். வைத்ராட்டிலில் அது முகவரியோடும் 'வி' எழுத்தை அடுத்து வரும் வேக எண்ணோடும் வரும். கோணக்குறி வடிவில் சிறிய 'எல்' எழுத்தில் தொடங்கும் வரியாக வரும். உங்கள் நிரல் இதுவரை அனுப்பிக்கொண்டு மட்டும் இருந்திருக்கும், வருவதைப் படித்திருக்காது. வந்த முகவரி நீங்கள் வைத்திருக்கும் இஞ்சினுடையது என்றால், உங்கள் எண்ணிக்கையை அந்த மதிப்புக்கு மாற்றிவிடுங்கள், திரையும் மாறிவிடும்.

பேரனின் கருவியில் 'எல்' வரியைப் படிக்கும்போது ஒரு கணக்கு இருக்கிறது. அதில் வேகமும் திசையும் ஒரே எண்ணில் சேர்ந்து வரும். 128ஐ எட்டினாலோ தாண்டினாலோ முன்னோக்கி, அதற்குக் கீழே பின்னோக்கி. 128ஐக் கழித்த பிறகு 0 என்றால் நிற்கிறது, 1 என்றால் அவசர நிறுத்தம், அதற்கு மேல் என்றால் ஒன்றைக் கழித்தால் வேகம். அதாவது 170 என்று வந்தால் முன்னோக்கி, வேகம் 41. அவனுடைய குமிழ் அந்த வேகத்தைக் கடக்கும்வரை காத்திருக்கும் பகுதியும் இதே எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.